கூப்பனில் இல்லாத சாப்பாடு

1987ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, நானும் அக்காவும் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து, அமெரிக்காவின் சூதாட்ட நகரமான அட்லாண்டிக் சிற்றிக்குப் பஸ் ஏறினோம். அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒரே லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் யாழ்ப்பாணம், நான் மட்டக்களப்பு. எங்கள் லைனில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். அதனால் மூடிகள் விழும் சத்தத்துக்கு மேலால் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டே நிற்போம்.

எனக்கும் அவருக்கும் சூதாட்டத்தில் ஒரு ஆசையும் இருக்கவில்லை. எங்களோடு வேலை செய்த ஒரு கயானாப் பெண் கோடையில் இரண்டு முறை அந்த நகரத்துக்குப் பஸ் ஒழுங்கு செய்வாள். அந்த முறை கடைசி நேரத்தில் இரண்டு பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் லஞ்ச் நேரத்தில் எங்கள் மேசைக்கு வந்து, இரண்டு சீற் இருக்கிறது, ஒரு இரவு தங்கல், கசினோவில் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கூப்பனும் தருவார்கள், வாருங்கள் என்று பிடித்த பிடியில் நின்றாள். நான் கனடாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் நயாகராவைத் தாண்டி எங்கும் போனதில்லை. என் கணவர், "போயிற்று வா, பிள்ளைகள நான் பாக்கிறன்" என்றார். அக்காதான் யோசித்தார்.

"அங்கை கடல் இருக்கோ?" என்று கேட்டார்.

"கடற்கரையிலதான் எல்லாம் கட்டியிருக்காங்களாம்."

"அப்ப அண்ணையிட்டைக் கேட்டுப்பாக்கிறன்."

அக்கா தன் அண்ணனின் வீட்டில்தான் இருந்தார். கணவர் 83ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் கொழும்பில் காணாமல் போனவர். காலையில் அலுவலகத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அக்கா அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், அடுத்த வருடம் அண்ணனின் ஸ்பொன்சரில் ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. கணவரைப் பற்றி யாராவது கேட்டால், "அவரின்ரை விசயம் இன்னும் ஒண்டும் தெரியேல்லை" என்பார். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவார்.

அண்ணன் சம்மதிக்க மாட்டார் என்று அக்கா பயந்ததால், ஒரு பின்னேரம் நானே வோபர்னில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் எழுபதுகளிலேயே வந்துவிட்டவர். ஒரு பொறியியல் கம்பனியில் வரைபடம் வரைபவர். மெதுவாகக் கதைப்பார். நான் விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் கார்ப்பெற்றைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "போகட்டும். எந்த நேரமும் வீடும் வேலையுமா இருக்கிறாள்" என்றார்.

அவருடைய மனைவிதான் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். "மச்சாள் வெளியிலை ஒண்டும் சாப்பிட மாட்டா. சைவமெல்லே. நான் ரெண்டு நாளுக்கும் காணக்கூடியதாக் கட்டித்தாறன்" என்றார்.

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிங்கில் போஞ்சிக்காய் கழுவிக்கொண்டு நின்றார்.

அக்கா சைவம் என்பது எனக்கு வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரமே தெரியும். முதல் வாரம் நான் மீன்குழம்பும் சோறும் கொண்டுபோயிருந்தேன். அவருடைய பெட்டியில் எப்போதும் பருப்பும் ஏதாவது ஒரு மரக்கறியும்தான் இருக்கும். பக்கத்தில் இருந்து மீன் முள்ளைப் பிரிப்பது எனக்கு ஒருமாதிரி இருந்தது. அன்றிலிருந்து வேலைக்கு நானும் மரக்கறியே கொண்டுபோகத் தொடங்கினேன். அதை ஒரு மரியாதையாக நினைத்தேன். அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பஸ் ஐந்து மணிக்குப் புறப்பட்டது. எல்லையில் எல்லோரையும் இறக்கி, எங்கள் கனடாக் குடிவரவு லாண்டட் பேப்பர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏற விட்டார்கள். பென்சில்வேனியா மலைகளுக்குள் ஓரிடத்தில் நிறுத்தியபோது புற்தரையில் இருந்து, அண்ணனின் மனைவி கட்டித் தந்த இடியப்பத்தில் பாதியைச் சாப்பிட்டோம். மிச்சத்தை இரவுக்கென்று மூடி மேல்தட்டில் வைத்தோம். மத்தியானத்துக்குப் பிறகு பஸ்ஸின் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. நாலு மணிக்கு அந்த நகரத்துக்குள் நுழையும்போது எல்லோரும் வேர்த்து ஒழுகி, கண்ணாடிகளில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தோம். முதலில் வெறும் வளவுகளும் பலகை அடித்த வீடுகளும் வந்தன. அதற்குப் பிறகு திடீரென்று மாளிகைகள் போல ஹோட்டல்கள். அவற்றுக்குப் பின்னால் கடல்.

மோட்டலில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது தேங்காய்ச் சம்பல் புளித்து மணத்தது. சொதியும் பழுதாகிவிட்டது. அக்கா முகர்ந்து பார்த்துவிட்டுப் பெட்டியை அப்படியே மூடினார்.

"பரவாயில்லக்கா, கூப்பன் இருக்குத்தானே" என்றேன்.

கசினோவில் ஆளுக்கொரு கூப்பனும் ஒரு உருளைச் சில்லறையும் தந்தார்கள். சில்லறை, சூதாட்ட யந்திரங்களுக்குள் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒருமுறை அக்காவின் யந்திரம் மணியடித்துக் காசு கொட்டியபோது அவர் பயந்து இரண்டடி பின்னுக்குப் போனார். அள்ளியதை உடனே திருப்பி அதற்குள்ளேயே போட்டுவிட்டு, "இது எங்களுக்குச் சரிவராது, வாரும்" என்றார்.

கூப்பனுக்குரிய பஃபே இரண்டாம் மாடியில். எங்கள் பஸ்காரர் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கயானாக்காரி கையை ஆட்டி எங்களைத் தன் முன்னால் கூப்பிட்டாள். வாசலிலேயே உயரமான வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர், விளக்கு வெளிச்சத்தின் கீழ் ஒரு பெரிய மாட்டுத் தொடையை மெல்லிய துண்டுகளாக வெட்டிக்கொண்டு நின்றார். எனக்கே ஒருமாதிரி இருந்தது. அக்கா நின்றுவிட்டார்.

"உள்ளுக்குள்ள சலாட், பாண், பழம் எல்லாம் இருக்கும்" என்றேன்.

"நீர் போய்ச் சாப்பிடும். நான் உந்தக் கதிரையிலை இருக்கிறன்."

"உங்கள விட்டிட்டு நான் எப்பிடிச் சாப்பிடுறது? வாங்க, வேற இடம் பாப்பம்."

இப்படித்தான் நாங்கள் பலகை பாவிய அந்த நீண்ட நடைபாதைக்கு இறங்கினோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹோட்டல்களும் கடைகளும். வெயில் இன்னும் இருந்தது. பிரம்பு நாற்காலிகளில் ஆட்களை இருத்திப் பொடியன்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. எனக்கு அது லேசான விசயமாகப் பட்டது. மரக்கறி ஏதாவது இருக்கவேண்டும், மாட்டிறைச்சி மணம் இருக்கக்கூடாது, அவ்வளவுதானே?

முதலில் பீட்சாக் கடை. இறைச்சி இல்லாத சீஸ் பீட்சா இருந்தது. அக்கா, "அது வயித்துக்குள்ளை கல்லுமாதிரி இருக்கும்" என்றார். அடுத்தது சீனக் கடை. கண்ணாடியில் ஒட்டியிருந்த சாப்பாட்டுப் பட்டியலை அக்கா மேலிருந்து கீழே வரை விரலை வைத்து வாசித்தார். நான் மரக்கறி நூடில்ஸைக் காட்டினேன். அவர் தலையாட்டினாரே ஒழிய உள்ளே போகவில்லை. ஒரு பாண் கடை, ஒரு ஸ்பகெற்றிக் கடை, இன்னொரு ஹோட்டலின் கோப்பிக் கடை. எல்லாவற்றிலும் அதே கதை. நின்று முழுப் பட்டியலையும் வாசிப்பார், பிறகு நடப்பார். தான் சாப்பிடாத சாப்பாடுகளை இவர் ஏன் இவ்வளவு கவனமாக வாசிக்கிறார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் கால் நோவதை மட்டும்தான் யோசித்தேன்.

ரீசேர்ட் விற்கும் ஒரு கடையில் ஒரு குஜராத்திக்காரர் இருந்தார். அவரிடம் கேட்டேன். மூன்று தெரு உள்ளுக்குப் போனால் இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது, முழுச் சைவம் என்றார். எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஹோட்டல்களின் முதுகுப் பக்கம் அது. பாதி வளவுகள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு வீட்டின் யன்னல் சட்டங்கள் கரியாகிப் போயிருந்தன. அதைக் கடக்கும்போது அக்கா நடையைக் கூட்டினார். நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

இந்தியக் கடை சின்னது, துப்புரவானது. வாசலில் நின்றவர் கைகூப்பி வரவேற்றார். உள்ளே இரண்டு மேசைகளில் குடும்பங்கள் இருந்தன. ஊதுபத்தி வாசம் வந்தது. நான் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். அக்கா வாசலில் இருந்த பலகையை வாசித்தார். பருப்பு, உருளைக்கிழங்கு, கோவா, கத்தரிக்காய்.

"இஞ்சை வேண்டாம்" என்றார்.

"ஏனக்கா? எல்லாம் சைவம்."

"வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"ஆறு இடம் பாத்தாச்சு. எனக்கும் பசிக்குது. மறுகா எங்க போறது? நீங்களே ஒரு இடம் சொல்லுங்க. எங்க எண்டாலும் நான் வாறன்."

அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். தெருவின் மறுபக்கத்தில் ஒரு நாய் எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

"நான் சொன்னால் நீர் ஒண்டும் நினைக்கக்கூடாது."

"என்ன நினைக்க இருக்கு?"

"பஸ் திரும்பின மூலையிலை ஒரு கடை இருந்தது. வாசல்லை நண்டுப் படம் போட்டது."

எனக்காகத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "எனக்குச் சரி. ஆனா நீங்க அங்க என்ன சாப்பிடுவீங்க?"

"நண்டு" என்றார் அக்கா.

நாங்கள் அந்தக் கடையைத் தேடி, பஸ் திரும்பிய மூலைக்கு நடந்தோம். நான் ஒன்றும் நினைக்கக்கூடாது என்று அவர் கேட்டிருந்தார். ஆனால் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணனின் மனைவியின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. நான்தானே போய்க் கேட்டுக் கூட்டிவந்தேன்?

அந்தக் கடையில் மேசைவிரிப்பு இல்லை. பொதி சுற்றும் மண்ணிறக் காகிதத்தை மேசைகளில் விரித்திருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் சின்ன மரச் சுத்தியல்கள். குடும்பம் குடும்பமாக இருந்து, முழங்கை வரை வழிய வழிய, அவித்த நண்டுகளை அடித்து உடைத்துக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த நாளிலிருந்து வெள்ளைக்காரர் இப்படிச் சாப்பிடுவதை நான் கண்டதில்லை.

எங்கள் மேசைக்கு வந்த பணிப்பெண் அறுபது வயதுக்காரி. ஒரு தட்டம் நிறைய நண்டைக் கொண்டுவந்து காகிதத்தின் நடுவில் கொட்டினாள். செம்மஞ்சளாக ஏதோ தூள் தூவியிருந்தது. எப்படி உடைப்பது என்று காட்டித் தரட்டுமா என்று கேட்டுச் சுத்தியலை எடுத்தாள். அதற்குள் அக்கா ஒன்றை எடுத்து, வயிற்றுப்பக்கத்து ஓட்டை நகத்தால் நெம்பி, மேலோட்டைக் கழற்றி, உள்ளே இருந்த செவுள் பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நடுவால் இரண்டாக முறித்துவிட்டார். சுத்தியலைத் தொடவே இல்லை. பணிப்பெண் அதைத் திரும்பவும் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனாள்.

அக்கா கால்களைப் பல்லால் கடித்து உறிஞ்சினார். ஒன்று முடிந்தது. இரண்டாவது முடிந்தது. நான் என்னுடையதைக் கையில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

"அக்கா, நீங்க சைவம்தானே?"

"ஆர் சொன்னது?"

"உங்கட அண்ணி சொன்னாங்க. நானும் ரெண்டு வருசமாப் பாக்கிறன்."

அவர் விரல்களைக் காகிதத்தில் துடைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். குரல் உயரவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை.

"வந்த முதல் வருசம் நானும் எல்லாம் சாப்பிட்டனான். 85ஆம் ஆண்டு, நல்ல ஸ்னோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாருக்கும் மீன்குழம்பு. என்ரை சோத்துக் கோப்பையிலை மட்டும் பருப்பும் கத்தரிக்காயும். அண்ணியைப் பாத்தன். அவ என்னைப் பாக்கேல்லை. அண்ணையைப் பாத்தன். அவர் தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தார். பிள்ளையள்தான் கேட்டதுகள், மாமிக்கு ஏன் மீன் இல்லையெண்டு. மாமி விரதம் எண்டு அண்ணி சொன்னா. நான் ஒரு விரதமும் இல்லை."

"மறுகா?"

"அடுத்த ஞாயிறும் அப்பிடித்தான். அதுக்கடுத்த ஞாயிறும் அப்பிடித்தான். எனக்கு முதல் நாளே விளங்கியிட்டுது. ஆரோ அவையளுக்குச் சொல்லிப்போட்டினம், என்ரை அவர் இல்லையெண்டு."

நான் கையில் இருந்த நண்டைக் காகிதத்தில் வைத்தேன்.

"நீங்க கேக்கல்லையாக்கா?"

"கேட்டால் சொல்லிப்போடுவினம்."

பக்கத்து மேசையில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா மூன்றாவது நண்டை எடுத்தார்.

"என்ன நடந்தது, எப்ப நடந்தது, ஆர் கண்டது, ஒண்டும் எனக்குத் தெரியாது. மீன் நிண்ட நாள் மட்டும்தான் தெரியும். நான் ஒரு துண்டு மீன் கேட்டிருந்தால் அண்டைக்கே எல்லாம் வெளியிலை வந்திருக்கும். அதாலை கேக்கேல்லை. அவையும் சொல்லேல்லை. ரெண்டு வருசமா நாங்கள் மூண்டு பேரும் ஒரு மேசையிலை இருந்து சாப்பிடுறம்."

நான் என்னைப் பற்றிச் சொன்னேன். அவரைப் பார்த்துத்தான் வேலைக்கு மீன் கொண்டுவருவதை நிறுத்தினேன் என்று.

"தெரியும்" என்றார். "முதல் கிழமை உம்மடை பெட்டியைத் திறக்கேக்கை வந்த வாசத்துக்கு எனக்கு வாயூறினது. அடுத்த கிழமை நீர் பூசணிக்காயோடை வந்து நிண்டீர்." இதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையை நான் தொழிற்சாலைக்குள்ளும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்றுதான் பட்டது. அவரிடம் ஒரு சொல் கேட்க எனக்கு எத்தனை லஞ்ச் நேரங்கள் இருந்தன?

கொஞ்சம் பொறுத்து, "அவருக்கு நண்டு பிடிக்குமா?" என்று கேட்டேன். கணவரின் நினைவில்தான் இந்தக் கடையைத் தெரிந்தெடுத்தார் என்று நானாக ஒரு கதை கட்டிவிட்டிருந்தேன்.

"அவருக்கு நண்டு ஒத்துவராது. உடம்பெல்லாம் தடிச்சுப்போகும். கலியாணம் கட்டி ஒம்பது வருசம் எங்கடை வீட்டுக்குள்ளை நண்டு வந்ததேயில்லை."

"அப்ப இது..."

"இது அவருக்காகவும் இல்லை, ஆருக்கும் எதிராகவும் இல்லை. எனக்குப் பசிச்சது. எனக்கு நண்டெண்டால் விருப்பம்."

அந்தத் தட்டம் முடிந்தது. பணிப்பெண் வந்து, இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். நான் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்க்காமல், "யெஸ், பிளீஸ்" என்றார்.

அடுத்த நாள் காலையில் கடலில் கால் நனைத்தோம். தண்ணீர் குளிர்ந்தது. கசினோவுக்குத் திரும்பவும் போகவில்லை. பஸ்ஸில் கயானாக்காரி கூப்பனை வீணாக்கிவிட்டோம் என்று எங்களை ஏசினாள். அக்கா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். எனக்குத்தான் நித்திரை வரவில்லை. வீட்டில் என்ன சொல்லப்போகிறோம் என்று மனதுக்குள் பொய்கள் தயாரித்துக்கொண்டு வந்தேன். எல்லையைத் தாண்டி அவர் கண்விழித்ததும், "நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றேன்.

"நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். நான் சொல்லுறன்" என்றார்.

ஞாயிறு இரவு என் கணவர் காரில் வந்து எங்களை ஏற்றி, அக்காவை வோபர்னில் இறக்கினார். நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். அண்ணனின் மனைவி கதவைத் திறந்து, காலிப் பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்பாடு காணுமா இருந்ததே?" என்று கேட்டார்.

"பாதி பழுதாப்போச்சு. வெளியிலை சாப்பிட்டம்."

"ஐயோ, என்ன சாப்பிட்டனீங்கள் மச்சாள்?"

"நண்டு" என்றார் அக்கா.

அண்ணனின் மனைவி பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தார். அவருக்குப் பின்னால், ஹோலுக்குள், தொலைக்காட்சியின் முன்னால் இருந்த அண்ணன் எழும்பி நின்றது தெரிந்தது. நான் பையை வாசலில் வைத்துவிட்டு, போயிற்று வருகிறேன் என்றும் சொல்லாமல் காருக்கு ஓடிவந்தேன். அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ரெலிபோன் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. இரவு சமைக்கும்போது என் கணவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர், "நீ அவவக் கூட்டிற்றுப் போனது பிழையில்ல" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. லஞ்ச் ரூமில், மூலை மேசையில் இருந்து எனக்குச் சொன்னார்.

அன்று நான் ஓடிவந்த பிறகு அண்ணன் மேலே போய், வரைபடச் சாமான்கள் வைக்கும் மேசை லாச்சியில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துவந்து கொடுத்தாராம். அக்காவின் கணவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்த ஒரு சிங்களவர் ஆங்கிலத்தில் எழுதியது. 83இல் அந்தக் காலை அலுவலக வாசலில் கணவருக்கு நடந்ததை அவர் தன் கண்ணால் கண்டிருக்கிறார். தடுக்கப் போய்த் தானும் அடிவாங்கியிருக்கிறார். விலாசம் தேடிப் பிடிக்க இவ்வளவு காலம் ஆகிவிட்டது, மன்னிக்கவேண்டும் என்று முடித்திருந்தார். அண்ணன் அதை வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கி, இரண்டாவது பக்கத்தில் முடியாமல் நிறுத்திவிட்டார். மிச்சத்தை அக்கா தானே எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அண்ணை சொன்னார், நீ பொட்டு வைச்சுக்கொண்டு வேலைக்குப் போய் வாறாய், அதைக் கெடுக்க எனக்கு வாய் வரேல்லையெண்டு. அண்ணி அழுதா. இவர் சொல்லக்கூடாதெண்டு போட்டார், தெரிஞ்சுகொண்டு உங்கடை கோப்பையிலை மீன் போட எனக்குக் கை வரேல்லை மச்சாள் எண்டு சொன்னா." அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளினார். "பாவம் அவ. ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் எனக்கெண்டு தனியாச் சட்டி வைச்சுச் சமைச்சிருக்கிறா."

ஒரு மாதத்துக்குப் பிறகு வீட்டிலேயே அக்காவின் கணவருக்குரிய சடங்கைச் செய்தார்கள். பத்துப் பேர்தான். நானும் என் கணவரும் போனோம். சடங்குக்குப் பிறகு அக்கா என்ன செய்யவேண்டும், எதைச் சாப்பிடக்கூடாது என்று வந்திருந்த பெண்கள் குசினிக்குள் மெதுவாகக் கதைத்தார்கள். அண்ணனின் மனைவி அவர்களைப் பார்த்து, "அவ என்ன செய்யிறதெண்டு அவவைக் கேளுங்கோவன்" என்றார். யாரும் கேட்கவில்லை. அடுத்த கிழமை அக்கா பொட்டோடுதான் வேலைக்கு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி, மற்ற நாட்களில் மனம் போனபடி. 1988 கோடையில் மோர்னிங்சைட்டில் ஒரு அறை உள்ள அப்பார்ட்மென்ற் எடுத்துத் தனியாகப் போனார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மெத்தையை மூன்றாம் மாடிக்குத் தூக்கியது அவரும் என் கணவரும்தான்.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அக்கா சொல்லி முடித்து, நாங்கள் இரண்டு பேரும் பெட்டிகளைத் திறக்கப் போனபோது கயானாக்காரி எங்கள் மேசைக்கு வந்தாள். இரண்டு நாளாக ஏன் வரவில்லை, உடம்பு சுகமில்லையா என்று அக்காவைக் கேட்டாள். பயணத்தில் ஏதாவது கூடாத சாப்பாடு சாப்பிட்டுவிட்டாயா என்றும் கேட்டாள். நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அக்காவின் ஆங்கிலம் சூப்பர்வைசருக்கு ஓம், இல்லை சொல்லும் அளவுதான். இப்படியான நேரங்களில் நான்தான் பேசுவேன். அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"மை ஹஸ்பண்ட் டெட்" என்றார். சொல்லைச் சரியாகச் சொன்னேனா என்று பார்ப்பதுபோல அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

கயானாக்காரி கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். எப்போது என்று அவள் கேட்டாள். "ஃபோர் இயர்ஸ்" என்றார் அக்கா. அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. மணி அடித்ததும் மூன்று பேரும் எழும்பி லைனுக்குப் போனோம். அந்த வசனத்தை அக்கா தமிழில் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.